ட்ரிக் ஆர் ட்ரீட்: ஹாலோவீன் இரவுப் படமும் ரசிகர்களின் தீராத வாக்குவாதங்களும்

மைக்கேல் டோஹர்ட்டி எழுதி இயக்கிய 'ட்ரிக் ஆர் ட்ரீட்' படத்தைப் பார்த்து முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். "இது பயமுறுத்தவே இல்லையே" என்பார் ஒருவர். "வருடா வருடம் பார்க்கிறேன், அலுக்கவில்லை" என்பார் இன்னொருவர். இரண்டு பக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. அவற்றை இங்கே ஒரே இடத்தில் பேசிவிடலாம். முதல் பாதியில் கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும் இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

இது என்ன மாதிரி படம்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாரன் வேலி என்று ஒரு கற்பனை ஊர். அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு. அந்த ஓர் இரவுக்குள் ஒரு சிறு முன்கதையும் நான்கு கதைகளும் நடக்கின்றன. ஒரு பள்ளி முதல்வர், கல்குவாரிக்குப் போகும் சிறுவர்கள், காட்டில் நடக்கும் விருந்துக்குக் கிளம்பும் இளம்பெண்கள், பண்டிகையையே வெறுக்கும் ஒரு கிழவர். இவர்கள் தெருவில் ஒருவரை ஒருவர் கடந்து போகிறார்கள். எல்லாக் கதையிலும் எங்கோ ஓரத்தில் ஆரஞ்சு நிற உடையும் சாக்குத்துணி முகமூடியுமாக ஒரு குட்டி உருவம் நிற்கிறது. அதுதான் சாம். முகமூடிக்குள் இருப்பவர் க்வின் லார்ட் என்ற சிறுவர். அன்னா பாக்வின், பிரையன் காக்ஸ், டிலன் பேக்கர், லெஸ்லி பிப் ஆகியோர் மற்ற முக்கிய வேடங்களில். ஓடும் நேரம் வெறும் 82 நிமிடம். ஒஹாயோ கதைதான், ஆனால் படம் பிடித்தது கனடாவின் வான்கூவரில்.

சாம் இந்தப் படத்துக்காகப் பிறந்தவன் அல்ல. டோஹர்ட்டி 1996-ல் கையால் வரைந்து எடுத்த ஒரு குறும்படத்திலேயே அவன் வந்துவிட்டான்.

ஹாலோவீன் பழக்கங்கள் தெரியாமல் பார்த்தால் புரியுமா?

நன்றாகவே புரியும். அன்று குழந்தைகள் வேடம் போட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். மிட்டாய் தர வேண்டும், தராவிட்டால் குறும்பு செய்வார்கள். பூசணியைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். வேடம் போடு, மிட்டாய் கொடு, பூசணி விளக்கை நள்ளிரவுக்கு முன் அணைக்காதே, கிடைத்த மிட்டாயைச் சோதித்துப் பார்த்துச் சாப்பிடு: இந்த நான்கையும் சாமின் விதிகள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு பேசப்படும் படம் அப்போது ஏன் தியேட்டருக்கு வரவில்லை?

2007 அக்டோபரில் வர வேண்டிய படம். டிரெய்லர் வந்தது, தேதியும் அறிவிக்கப்பட்டது. வார்னர் பிரதர்ஸ் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த டிசம்பரில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு திரைப்பட மாரத்தானில்தான் முதல் முறையாகப் பார்வையாளர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு விழாக்கள், சிறப்புக் காட்சிகள் என்று சுற்றிவிட்டு, 2009 அக்டோபரில் நேராக டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் கடைக்கு வந்தது.

ரசிகர்கள் இதற்குப் பல காரணம் சொல்வார்கள். 2004 முதல் 2010 வரை ஒவ்வொரு அக்டோபரிலும் 'சா' வரிசைப் படம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த வாரங்களில் வேறு திகில் படம் தலைகாட்டுவது கடினம். இந்தப் படத்தில் குழந்தைகளும் சாகிறார்கள், அதை விளம்பரப்படுத்துவது ஸ்டூடியோவுக்குச் சங்கடம். நான்கு கதை கொண்ட படத்தை ஒரு வரியில் விற்கவும் முடியாது. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விழாக்களில் கைதட்டி ஆர்ப்பரித்த கூட்டத்தைப் பார்த்த பிறகும் இரண்டு வருடம் பெட்டிக்குள் வைத்திருந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். சாம் கதவைத் தட்டும் காட்சிக்கு ஒரு நிறைந்த அரங்கம் சேர்ந்து மூச்சுப் பிடிக்கும் அனுபவம், முதல் தலைமுறை ரசிகர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது.

அப்படியென்றால் ரசிகர் கூட்டம் எப்படிச் சேர்ந்தது?

வீட்டில். டிவிடி வாங்கியவர் நண்பரைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினார், அந்த நண்பர் அடுத்த வருடம் தன் வீட்டில் போட்டார். ஃபியர்நெட் என்ற திகில் சேனல் ஹாலோவீன் அன்று 24 மணி நேரமும் இந்தப் படத்தையே திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. இது மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பேன். அன்று வாசல் மணி அடித்துக்கொண்டே இருக்கும்; எழுந்து போய் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எந்தக் கதை ஓடினாலும் அங்கிருந்து பார்க்கலாம். படத்தில் நடக்கும் அதே இரவு அறைக்கு வெளியேயும் நடந்துகொண்டிருக்கும். தியேட்டருக்கு வந்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை வசூலை வைத்து இதற்குத் தீர்ப்பு எழுதியிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததால் பண்டிகையின் ஒரு பகுதியாகிவிட்டது.

பிறகு சாம் பொம்மையாக, முகமூடியாக, சட்டைப் படமாக எங்கும் வந்தான். ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் உள்ள யுனிவர்சல் பூங்கா, தன் ஹாலோவீன் நிகழ்ச்சியில் 2017-ல் இந்தப் படத்துக்கென்று ஒரு பகுதியை அமைத்தது, அடுத்த வருடம் முழுப் பேய் வீடே கட்டியது.

"பயமே வரவில்லை" என்கிறார்களே, உண்மையா?

தூக்கம் கெடும் அளவுக்கான பயத்தைத் தேடி வந்தால் ஏமாற்றம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. கல்குவாரிக் கதை ஒன்றைத் தவிர மற்றவை நெஞ்சை அடைக்க வைப்பதில்லை. சிரிப்பும் திகிலும் மாறி மாறி வருகின்றன.

ஆனால் பயம் கூடக் கூட ரசிப்பும் கூடும் என்ற கணக்கே சரியில்லை. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேய் வீடு ஒன்றுக்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து, உள்ளே அவர்கள் முகம் போன போக்கையும் கேமராவில் பார்த்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் ரசிக்கவில்லை, மிக அதிகமானாலும் ரசிக்கவில்லை; நடுவில் ஓர் அளவில்தான் அதிகம் ரசித்தார்கள். இந்தப் படம் அந்த நடு அளவை விட்டு நகர்வதே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க முடிவதும் அதனால்தான். உலுக்கி எடுக்கும் படத்தை மதிப்போம். வருடா வருடம் வீட்டுக்குக் கூப்பிட மாட்டோம்.

கதைத் தொகுப்பு என்றால் ஏதோ ஒன்று சொதப்புமே?

ஆந்தாலஜி படங்களின் பழைய நோய் அது. ஆளுக்கொரு இயக்குநர், ஆளுக்கொரு பாணி. ஒரு கதை முடிந்ததும் திரை இருண்டு அடுத்த தலைப்பு வரும், பார்ப்பவர் உடனே மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவார். "மூன்றாவது நன்று, இரண்டாவது வேஸ்ட்" என்பதுதான் இவ்வகைப் படங்களுக்குக் கிடைக்கும் வழக்கமான விமர்சனம். பத்துக் கதை கொண்ட 'டேல்ஸ் ஆஃப் ஹாலோவீன்' 2015-ல் வந்தபோதும் பேச்சு அப்படித்தான் போனது.

இங்கே எழுதியவரும் இயக்கியவரும் ஒருவரே. கதைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வருவதால் ஒரு கதை எங்கே முடிந்தது என்று கோடு போட்டு மதிப்பெண் தருவதும் கடினம். ஆனாலும் ரசிகர்கள் விடுவார்களா? பெரும்பாலோர் கல்குவாரிக் கதையை முதலில் வைப்பார்கள். கிழவருக்கும் சாமுக்கும் நடக்கும் சண்டையை ஒரு பெரிய கூட்டம் கொண்டாடும். எனக்குப் பள்ளி முதல்வர் கதை. டிலன் பேக்கர் ஒரு நல்ல அப்பாவின் சலிப்போடு செய்யும் காரியங்கள் அவ்வளவு கொடூரமானவை, சிரித்துவிட்டு அந்தச் சிரிப்புக்காகவே கூச வேண்டியிருக்கிறது.

முன்னும் பின்னும் போவது குழப்புகிறதே?

முதல் முறை குழப்பும். காமிக்ஸ் கட்டம் போல "முன்பு", "பின்னர்" என்று சிறு குறிப்புகள் வரும், அவற்றைத் தவறவிடாதீர்கள். படம் தொடங்கும் காட்சி உண்மையில் இரவின் கடைசிப் பகுதி. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி தானாகச் சேர்ந்துவிடும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு ஆர் சான்றிதழ். 17 வயதுக்குக் கீழானவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது. சாமின் உருவம் பொம்மை போல இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரத்தம், நிர்வாணம், குழந்தைகளின் மரணம் எல்லாம் உண்டு.

இனி வரும் பதில்களில் முடிச்சுகள் அவிழும். படம் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல்வர் விஷ மிட்டாய் கொடுக்கிறாரே, நிஜத்தில் அப்படி நடந்திருக்கிறதா?

அமெரிக்கப் பெற்றோர்களின் பல வருடப் பயம் அது. முகம் தெரியாத யாரோ மிட்டாயில் விஷமோ ஆப்பிளில் பிளேடோ வைத்துவிடுவார் என்பது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் இப்படிக் கண்டபடி விஷம் கொடுத்து ஒரு குழந்தை இறந்ததாக அவருக்கு ஒரு சம்பவமும் கிடைக்கவில்லை. உண்மையில் நடந்த மிகக் கொடூரமான சம்பவம் 1974-ல் டெக்சாஸில். எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைச் சாப்பிட்டு இறந்தான். கலந்தவர் அவன் சொந்த அப்பா, காப்பீட்டுப் பணத்துக்காக. 1984-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இடையில் 1982-ல் சிகாகோ பகுதியில் சயனைடு கலந்த 'டைலனால்' என்ற வலி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தது அந்தப் பயத்தை நாடு முழுக்கப் பரப்பியது.

இதைத் தெரிந்துகொண்டு முதல்வர் வில்கின்ஸின் கதையைப் பாருங்கள். ஆபத்து இருட்டுச் சந்தில் நிற்பதில்லை. தெரிந்த மனிதர், பள்ளி முதல்வர், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாயைப் பற்றி அறிவுரை சொல்கிறார். சார்லி என்ற சிறுவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறான். அமெரிக்கப் பார்வையாளர்கள் அந்த இடத்தில் நெளிவதற்கு அவர்கள் சிறுவயதில் கேட்ட எச்சரிக்கைகள்தான் காரணம்.

ரோண்டா செய்தது சரியா?

ரசிகர்களிடையே மிகச் சூடான சண்டை இதுதான். கல்குவாரிக் கதையில், முப்பது வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிப் பேருந்திலிருந்த எட்டுக் குழந்தைகளை, அவர்களின் பெற்றோரே பணம் கொடுத்துக் கொல்லச் சொன்னார்கள். பேருந்து குவாரி நீரில் மூழ்கியது. அந்தக் கதையைச் சொல்லி, மேசி என்ற சிறுமியின் கூட்டம், தாங்கள் கேலி செய்யும் ரோண்டாவை அங்கே கூட்டிப்போய் இறந்த குழந்தைகள் போல வேடமிட்டுக் கதற வைக்கிறது. இறந்த குழந்தைகள் நிஜமாகவே நீரிலிருந்து எழுந்து வரும்போது ரோண்டா லிஃப்டுக்குள் இருக்கிறாள். மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக் கெஞ்சுகிறார்கள். அவள் திறப்பதில்லை.

பள்ளியில் கேலிக்கு ஆளானவர்கள் பலர் அந்த இடத்தில் கைதட்டுகிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஷ்ரேடர் என்ற பையனை யோசியுங்கள். ரோண்டாவிடம் கொஞ்சம் அன்பாகப் பேசியவன் அவன் ஒருவன்தான். வேடத்தில் அவனுக்கும் பங்குண்டு, பிறகு வருந்தியவனும் அவனே. அவனுக்கும் அதே முடிவு. மேசிக்குக் கிடைத்ததை ஏற்கிறவர்களில் பலருக்கு ஷ்ரேடருக்குக் கிடைத்தது தொண்டையில் நிற்கும். எனக்கும் அப்படித்தான். படம் அதைச் சமாதானப்படுத்த முயலவே இல்லை, அதற்காக அதை மதிக்கிறேன். ரோண்டாவின் முகத்தில் வெற்றியும் இல்லை, குற்றவுணர்ச்சியும் இல்லை. வெளியே வரும் வழியில் சாமைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

லாரி என்ற பெண்ணின் கதையில் வரும் ட்விஸ்டை முன்பே ஊகித்துவிட்டேன். அது பலவீனம் இல்லையா?

விருந்துக்குப் போகும் அந்தப் பெண்கள்தான் ஓநாய்கள் என்று ஊகித்தவர்கள் நிறையப் பேர். சிவப்பு முக்காடு போட்ட பெண் தனியாகக் காட்டு வழியில் போகிறாள், பின்னால் முகமூடி மனிதன். ஓநாய் வரும் சிவப்புக் குல்லாச் சிறுமியின் பாட்டிக் கதை தெரிந்தவருக்கு மணி அடிக்கும். அதற்குள் இருக்கும் இரண்டாவது முடிச்சைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: அந்த முகமூடி மனிதன் வில்கின்ஸ். தொடக்கத்தில் பெண்கள் உடை மாற்றிக்கொண்டு, இன்று ஆள் பிடிப்பது பற்றிப் பேசும் வசனங்களை மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பொருள்.

சாம் கிழவர் க்ரீகை ஏன் உயிரோடு விட்டான்?

மிட்டாய் கிடைத்துவிட்டது, அதனால். க்ரீகின் மார்பில் ஒட்டியிருந்த சாக்லேட்டைக் குத்தி எடுத்துக்கொண்டு போகிறான். அவனுக்கு வேண்டியது அதுதான்.

இந்தப் படத்தைப் பற்றிய பாதிச் சண்டை, சாமை நீதிபதி என்று நினைப்பதால் வருகிறது. "கெட்டவர்களைத் தண்டிக்கும் படம்" என்று எழுதிவிடுகிறார்கள், பிறகு கணக்கு இடிக்கிறது. கொலைகாரனான வில்கின்ஸை சாம் தொடவே இல்லை. ஏன் தொட வேண்டும்? வில்கின்ஸ் வேடம் போட்டார், மிட்டாய் வைத்தார், மகனோடு உட்கார்ந்து விளக்கு செதுக்கினார் — அது சார்லியின் தலை என்பது சாமின் கவலை அல்ல. முன்கதையில் வரும் எம்மா யாருக்கும் தீங்கு செய்யவில்லை. விளக்கை நேரத்துக்கு முன் அணைத்தாள், சாம் வந்துவிட்டான். சாம் அந்தப் பண்டிகைக்குக் காவலன். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் பாவத்துக்கு அவனிடம் கணக்கு இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் கடைசிக் காட்சி இன்னும் கனமாகிவிடுகிறது. க்ரீக் சாமிடமிருந்து தப்பினார், மனம் மாறி வாசலுக்கு வந்த குழந்தைகளுக்கு மிட்டாயும் கொடுத்தார். ஆனால் அந்தப் பேருந்தை ஓட்டியவர் அவர்தான், எரியும் பழைய புகைப்படத்தில் நாம் பார்த்துவிட்டோம். மறுபடி கதவு தட்டப்படும்போது வாசலில் நிற்பது அந்தக் குழந்தைகள். பண்டிகைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது அப்படியே இருக்கிறது. "மனம் மாறியவரைக் கொல்வது அநியாயம்" என்று வாதிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் மாறியது சாமுக்குப் பயந்து. அந்த எட்டுப் பேரிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டாவது முறை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வில்கின்ஸ் தோட்டத்தில் குழியை மூடிய பிறகு பக்கத்து வீட்டு ஜன்னலில் க்ரீக் உதவி கேட்டுக் கத்துகிறார். வில்கின்ஸ் கண்டுகொள்வதில்லை. முதல் முறை அது ஒரு எரிச்சல்காரக் கிழவரின் தொல்லை. இரண்டாம் முறை அவருக்குப் பின்னால் யார் என்று நமக்குத் தெரியும். கடைசியில் க்ரீக் வாசலில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களையும் நிதானமாகப் பாருங்கள். ரோண்டா தள்ளுவண்டியோடு தெருவைக் கடக்கிறாள், லாரியின் கூட்டம் சிரித்துக்கொண்டு காரில் அவளை உரசிப் போகிறது, எதிரே எம்மா வீடு திரும்பி விளக்கை அணைக்கிறாள். நான்கு கதையும் ஒரு தெருவில் முட்டிக்கொள்கின்றன. அப்புறம், குவாரியில் மேசி ஒரு பூசணி விளக்கை எட்டி உதைத்து நீரில் தள்ளுவதைத் தவறவிட வேண்டாம். விதிகள் நினைவிருக்கிறதல்லவா?

ஹாலோவீனில் வருடம் ஒரு புதுக் கதை என்று வேறு யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். 'ஹாலோவீன்' வரிசையின் மூன்றாம் படம் 1982-ல் வந்தது. முதல் இரண்டு படங்களின் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு கதை சொல்லலாம் என்பது திட்டம். மையர்ஸைத் தேடி வந்த ரசிகர்கள் கோபத்தோடு திரும்பினார்கள், 1988-ல் அவரைத் திரும்பக் கூட்டிவர வேண்டியதாயிற்று. இன்று அந்த மூன்றாம் படத்துக்கும் அன்பான கூட்டம் உண்டு. கதைகள் மாறினாலும் கூடவே வர ஒரு முகம் வேண்டும் என்பதை அந்தத் தோல்வி காட்டியது, சாம் அதைச் செய்து காட்டினான்.

இரண்டாம் பாகம்?

2013 அக்டோபரில் அறிவித்தார்கள். அதன் பிறகு டோஹர்ட்டி 2015-ல் 'கிராம்பஸ்', 2019-ல் காட்ஸில்லா படம் என்று போய்விட்டார். ரசிகர்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வந்தால் வாரன் வேலிக்கே திரும்ப வேண்டாம் என்பது என் விருப்பம். வேறு ஊர், வேறு காலம், அதே விதிகள். அதோடு இந்த முறை முதல் நாளே தியேட்டரில்.